குரூப் போட்டோ எடுக்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

எங்கள் மாமனார் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. 1987-இல் என் நாத்தனாருக்குக் காது குத்தினபோது வாசலில் வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். திருவையாற்றிலிருந்து ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் காமிராவையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு வந்து எடுத்தாராம். 2002-இல் நான் கல்யாணமாகி வந்த புதிதில், பொழுது போகாமல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதில் ஒரு விசித்திரம். பெரியவர்கள் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் கொஞ்சம் புடவைத் துணியும் தெரிகின்றன. ஆள் இல்லை.

"இது யார் கைங்க?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"அதுவா, எங்க அத்தை. பாப்பா அழுதுதுன்னு கிலுகிலுப்பையை ஆட்டிக்கிட்டு நின்னாங்க. கை மட்டும் விழுந்துடுச்சு."

அவருக்கு அத்தை என்றால் எனக்குப் பெரியம்மா. என் மாமனாரின் அக்கா. இருபத்திரண்டு வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவர், அப்படியே இங்கேயே தங்கிவிட்டார். என் கணவர், கொழுந்தனார், நாத்தனார் மூன்று பேரையும் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தது அவர்தான் என்று என் மாமியாரே சொல்வார். ஆனால் வீட்டில் இருக்கிற எந்தக் கல்யாணப் படத்திலும், வளைகாப்புப் படத்திலும் அவர் கிடையாது. "போட்டோ" என்று யாராவது சொன்னால் போதும், "அடுப்பில பாலை வச்சிட்டு வந்தேன்" என்று உள்ளே போய்விடுவார். அந்த அடுப்பில் எப்போதுதான் பால் இல்லாமல் இருந்தது? சொல்லப் போனால், ஆதார் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் இருப்பதைத் தவிர அவருக்குப் படமே இல்லை. அந்த இரண்டு படத்தையும் பார்த்தால் அவரே "இது யாரு?" என்பார்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையும் இதுவும் ஒன்றாகப் பின்னிக்கொண்டது. என் மகன் காலேஜில் சேர்ந்தபோது ஆசைப்பட்டு வாங்கின பழைய காமிரா, மூன்று மாதத்தில் அலமாரிக்கு வந்துவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று நான் எடுத்தேன். நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். காமிராவோடு வந்த கையேட்டில் பாதி புரியாது. இருந்தாலும் விடவில்லை.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, "நானே குரூப் போட்டோ எடுக்கிறேன்" என்று கிளம்பினேன். பதினோரு மணி வெயில். வேப்பமரத்து நிழலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி நாலு படம் எடுத்துவிட்டு, பெருமையாகக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வயிற்றெரிச்சல். இலை சந்தில் விழுந்த வெயில், ஒவ்வொருவர் முகத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் போட்டிருந்தது. கொழுந்தனார் தலையிலிருந்து கிணற்று ராட்டினக் கம்பி முளைத்திருந்தது. ஓரகத்திக்கு ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து. ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி எல்லோரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார்கள். பெரியம்மா? வழக்கம் போல அடுப்பில் பால்.

"பரவாயில்லை, அடுத்த பொங்கலுக்கு ஆளையே மாத்திடலாம்" என்று என் கணவர் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த வருஷ நவராத்திரிக்குத்தான் எனக்கு முதல் பாடம் கிடைத்தது. கொலுப் பொம்மைகளை எடுத்துப் பழகினேன். பொம்மைகள் கண்ணை மூடாது, "எவ்வளவு நேரம்?" என்று கேட்காது. தசாவதார செட்டைப் பலகையில் ஒரே வரிசையாக வைத்து எடுத்தால், வரிசைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. அதையே இரண்டை முன்னால் நகர்த்தி, ஒன்றைச் சின்ன டப்பா மேல் ஏற்றி, நடுவில் உயரமானதை வைத்து எடுத்தால் கண் தானாக ஒவ்வொரு முகமாகப் போகிறது. அப்போதுதான் புரிந்தது: அடுத்தடுத்து இருக்கிற இரண்டு தலை ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், அவருக்கு முன்னால் ஒரு குழந்தை தரையில் உட்காரட்டும். மூன்று முகத்தைக் கோட்டால் சேர்த்தால் முக்கோணம் வர வேண்டும். கொலுவில் படி நேராக இருப்பதுதான் அழகு. குடும்பப் படத்தில் படி கலைந்திருப்பதுதான் அழகு.

இரண்டாவது பாடம் வெளிச்சம். இதில்தான் நம்மில் பாதிப்பேர் கோட்டை விடுகிறோம். "நல்ல வெயில் இருக்கு, படம் நல்லா வரும்" என்று நினைக்கிறோம். உச்சி வெயிலில் கண்குழியும் மூக்குக்குக் கீழேயும் கறுப்பாக நிழல் விழும். வெயிலைப் பார்த்து நிறுத்தினால் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோபக்காரர்களாகத் தெரிவார்கள். கண் புரை ஆபரேஷன் செய்துகொண்ட என் மாமனாருக்கோ வெயிலைப் பார்க்கவே முடியாது. மரத்தடி நிழலும் சரிப்படாது என்று பொங்கலன்றே பார்த்தாயிற்று. வேண்டியது என்ன தெரியுமா? கட்டடத்தின் கெட்டி நிழல். அந்த நிழலில் நிற்பவர்களுக்கு எதிரே வானம் திறந்திருக்க வேண்டும். திறந்த வானத்திலிருந்து வருகிற வெளிச்சம் பால் மாதிரி மெதுவாக முகத்தில் படியும்.

உங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்று பாருங்கள். எங்கள் ஊர் வீடு கிழக்குப் பார்த்த வீடு. காலையில் வாசலில் நேர் வெயில், கொல்லையில் வீட்டு நிழல். சாயங்காலம் வெயில் பின்னால் போய்விடும். வாசல் முழுக்க வீட்டு நிழல் விழும். மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் இது அப்படியே தலைகீழ். வடக்கு, தெற்கு வாசல்காரர்கள் ஒரு நாள் காலை, மத்தியானம், மாலை என்று வாசலில் நின்று நிழலைக் கவனித்துவிட்டால் போதும்.

2024 தை மாதம் மாமாவுக்கு எண்பதாம் கல்யாணம் வந்தது. மண்டபத்துக்குப் போகாமல் ஊரிலேயே, வீட்டோடு செய்தோம். மொத்தம் பதினேழு பேர். "வெளியாளே வேண்டாம், குடும்பப் படம் மட்டும் நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. மாமாவுக்கு எண்பது, பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு. இந்தப் பதினேழு பேரும் இன்னொரு தடவை ஒரே வாசலில் நிற்பது எப்போது என்று யாருக்குத் தெரியும்?

முதல் சண்டை நேரத்தைப் பற்றி. காலையில் பட்டுப்புடவை கசங்குவதற்கு முன்னால் கொல்லையில் வைத்து எடுத்துவிடலாம் என்றேன். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முகம் மாறிவிட்டது. "கொல்லைப்பக்கம் நிக்க வச்சு எடுப்பாங்களா? வாசல்ல இவ்வளவு பெரிய கோலம் போட்டிருக்கு." அதுவும் நியாயம்தானே! அப்படியானால் சாயங்காலம் நாலரை மணிக்கு வாசலில் என்று முடிவாயிற்று. சாப்பிட்டதும் புறப்பட இருந்த சின்ன மாமாவையும் சின்னத்தையையும் பஜ்ஜி, காபி என்று ஆசை காட்டித்தான் பிடித்து வைத்தேன். குரூப் போட்டோவில் பாதி வேலை ஆட்களை நிறுத்தி வைப்பதுதான்!

எல்லோரும் தூங்கி எழுவதற்குள் நான் இடத்தைத் தயார் செய்தேன். திண்ணையில் காய்ந்த துண்டு, செருப்புக் குவியல், தண்ணீர் கேன், யாரோ வைத்த பிளாஸ்டிக் வாளி, எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். நாம் நேரில் பார்க்கும்போது இவை கண்ணில் படவே படாது. படத்தில் அதுதான் முதலில் தெரியும். ஆட்களைத் திண்ணையோடு ஒட்டி நிறுத்தாமல் ஏழெட்டு அடி முன்னால் தள்ளி நிறுத்தினேன். சுவரோடு ஒட்டி நின்றால் போலீஸ் ஸ்டேஷன் படம் மாதிரி ஆகிவிடும். திண்ணைத் தூண் யார் தலைக்கும் நேர் பின்னால் வராத மாதிரி நாற்காலிகளை அரை அடி இப்படி அப்படி நகர்த்தினேன்.

நான் நின்றது இருபத்தைந்து அடி தூரத்தில். கிட்டே நின்று அகலமாக எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் முகம் இழுபட்டு, ஒல்லியான ஆள்கூடப் பருமனாகத் தெரிவார். தள்ளி நின்று, லென்ஸைக் கொஞ்சம் கிட்டே இழுத்து எடுக்க வேண்டும். என்னுடையது 18-55 லென்ஸ். அதை 35-இல் வைத்தேன். மொபைலில் எடுப்பவர்கள் 0.5 என்பதைத் தொடாதீர்கள். 1-இல் வைத்து நாலடி பின்னால் போங்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக விடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம், வெட்டுப்பட்ட முழங்கையை ஒட்ட வைக்க முடியாது.

காமிரா விவரம் கேட்கிற சகோதரிகளுக்காக: துளை எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400, வேகம் 1/125-க்குக் குறையாமல். துளை சின்னதாக இருந்தால்தான் முன்வரிசைக் குழந்தையும் பின்வரிசை மாப்பிள்ளையும் சேர்ந்து தெளிவாக விழுவார்கள். வேகம் இதற்குக் கீழே போனால் குழந்தை தலையை ஆட்டினதும் கலங்கிவிடும். இன்னொரு விஷயம், நம் வீட்டு ஆண்கள் எல்லாரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. இத்தனை வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று காமிரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். முகமெல்லாம் கறுத்துப் போகும். அதனால் பிளஸ் பக்கம் ஒரு படி கூட்டி வைத்தேன். மொபைலில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும்; அதை மேலே தள்ளினால் அதே பலன். கூரைக்கு மேலே சூரியன் இன்னும் இருந்ததால் லென்ஸில் வெயில் அடித்து ஒரு வெளுப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் மாமாவின் கறுப்புக் குடையைக் கொடுத்துக் காமிராவுக்கு மேலே பிடிக்கச் சொன்னேன். அவனுக்கு ஒரே பெருமை!

இனி ஆட்கள். பேத்தியும் பேரன்களுமாக மூன்று பொடிசுகளை முன்னால் ஜமக்காளத்தில் உட்கார வைத்தேன். நடுவில் நாற்காலியில் மாமா, அவருக்கு வலப்பக்கம் அத்தை. பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் வாசல்படி மேல் உயரமானவர்கள். இங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மாப்பிள்ளை நல்ல உயரம். அவரை ஓரத்தில் நிறுத்தினால் படம் சாய்கிறது. பின்வரிசை என்று சொன்னால் நாத்தனார் மனசு சாய்கிறது. "அண்ணா, மாமாவுக்கு நேர் பின்னால நீங்கதான் நிக்கணும், அந்த இடத்துக்கு வேற யாரும் பொருந்தாது" என்றேன். இரண்டும் நேராயிற்று. பச்சைக் கிளி நிறத்தில் டீ-ஷர்ட் போட்டிருந்த கொழுந்தனார் பையனை அதட்டிச் சட்டை மாற்ற வைக்க நேரமில்லை. உயரமான இருவருக்கு நடுவில் ஒளித்தேன்.

யாரையும் நேராக நிற்க விடவில்லை. ஓரத்தில் நிற்பவர்கள் உடம்பை நடுப்பக்கமாகக் கொஞ்சம் திருப்பி, முகத்தை மட்டும் காமிராப் பக்கம் வைக்கச் சொன்னேன். இடமும் அடைக்காது, ஒருவரோடொருவர் ஒட்டினாற்போலவும் இருக்கும். கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்: அப்பாவின் நாற்காலியில் ஒரு கை, தங்கையின் தோளில் ஒரு கை. பின்வரிசைக்காரர்களைப் பார்த்து, "உங்களுக்குக் காமிரா தெரியுதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். தெரியவில்லை என்றால் அவர் முகமும் படத்தில் தெரியாது. கண்ணாடி போட்டிருந்த சின்ன மாமாவை மோவாயைத் துளி இறக்கச் சொன்னதும் கண்ணாடியில் அடித்த வானம் மறைந்தது.

எல்லாம் ஆயிற்று. மாமாவுக்கு இடப்பக்கம் மட்டும் காலி. அதை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

"பெரியம்மா எங்கே?"

உள்ளேயிருந்து குரல். "நீங்க எடுங்க தாயி, அடுப்புல பால்..."

நான் உள்ளே போனேன். பாலை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தேன். "பெரியம்மா, மாமாவுக்கு இந்தப் பக்கம் காலியா இருக்கு. படம் ஒரு பக்கமா சாயுது. நீங்க வந்து உட்கார்ந்தாத்தான் சரியா வரும்."

"வேற யாரையாவது உட்கார வையேன். நல்ல நாளும் அதுவுமா நான் எதுக்கு?"

"உட்கார வச்சுப் பார்த்துட்டேன். உயரம் சரிப்படலை." இது பொய். யாரையும் உட்கார வைத்துப் பார்க்கவில்லை.

தயங்கித் தயங்கி நிலைப்படி வரைக்கும் வந்தார். வாசலில் பேச்சு நின்றுவிட்டது. நான் அத்தையைத்தான் பார்த்தேன். சடங்கு சம்பிரதாயத்தில் அவர் கொஞ்சம் கண்டிப்பு. என்ன சொல்வாரோ என்று எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அதற்குள் மாமா திரும்பிப் பார்த்தார். "அக்கா, நீ வந்து உட்காரு. இல்லைன்னா நானும் எழுந்திருச்சுடுறேன்" என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை. தன் பக்கத்தில் இருந்த குஷனை எடுத்து, மாமாவைத் தாண்டிக் கை நீட்டி, அந்தக் காலி நாற்காலியில் போட்டார். அவ்வளவுதான். பெரியம்மா வந்து உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் சுருக்கமாகச் சொல்கிறேன். பதினாறு பேர் இருந்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடத்தான் செய்வார்கள். அதனால் ஒன்று இரண்டு போதாது; நான் இருபது எடுத்தேன். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, "மூணு" என்றதும் திறக்கச் சொல்லி அமுக்கினேன். நாத்தனாரின் நாலு வயதுக் குழந்தைக்குக் கிலுகிலுப்பை வேண்டியிருந்தது. அதைக் குடைக்காரப் பையனிடமே கொடுத்து, லென்ஸுக்கு நேர் மேலே ஆட்டச் சொன்னேன். பக்கவாட்டில் நின்று ஆட்டினால் என்ன ஆகும் என்பதற்குத்தான் கூடத்தில் படம் இருக்கிறதே! "ரெடி" என்று சொல்லி எடுத்தவற்றைவிட, "முடிஞ்சுது, எல்லாரும் போகலாம்" என்று சொல்லிவிட்டு எடுத்த இரண்டு படங்கள்தான் உயிரோடு இருந்தன. அந்தப் பொய்யையும் சொல்லிப் பாருங்கள்.

கடைசியில் நாத்தனார்தான் கேட்டாள், "அண்ணி, நீங்க எங்கே?" காமிராவை முக்காலியில் நிறுத்தி, பத்து வினாடி டைமர் வைத்து, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எனக்கென்று ஓரகத்தி பக்கத்தில் முன்பே இடம் விட்டிருந்தேன். முதல் தடவை முதுகு மட்டும் விழுந்தது. மூன்றாம் தடவை சரியாக வந்தது, தலைமுடிதான் கலைந்திருக்கிறது. வீட்டில் படம் எடுக்கிற பெண்கள் இந்த ஓட்டத்தைக் கட்டாயம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் உங்களையும் பிள்ளைகள் முழங்கையை வைத்துத்தான் தேட வேண்டியிருக்கும்.

அந்தப் படத்தைப் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் போட்டு, 1987 படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம். எல்லோரும் பாராட்டினார்கள். பெரியம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏன் தாயி, முந்தானையை இடுப்புல சொருகினபடியே உக்காந்திருக்கேனே. இத்தனை பேரை இப்படித் திரும்பு, அப்படித் திரும்புன்னியே, இதைச் சொல்லக் கூடாதா?"

உண்மைதான். தலை, தூண், நிழல் என்று எல்லாம் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை. அமுக்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று என் நோட்டில் அன்றைக்கே எழுதிக்கொண்டேன்.

2025 பொங்கலன்று நாலு மணிக்குப் படம் என்று சொல்லியிருந்தேன். மூன்றரைக்கு வாசலுக்கு வந்து பார்த்தால், அரக்குக் கரை போட்ட புதுச் சேலை கட்டி, முந்தானையை நீட்டி விட்டுக்கொண்டு, பெரியம்மா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வெயில் எறங்க இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.